ஐரிசுக்கு அம்மா எழுத்து

குன்னூர்
4-3-1963

அன்புள்ள சம்பந்தி பெருமாள் அவர்களுக்கு,

இங்கே நானும் மகள் சாரதா குடும்பத்தாரும் நலம். அங்கே மருமகள் செல்வி, பேரன் தம்மபாலன், தாங்கள் மூவரும் நலம்தானே.

என் மகன் ரத்தினம் போய் இந்த மாதத்தோடு இரண்டு வருடம் ஆகிறது. கோலார் தங்க வயலை விட்டு வந்தால் மனம் ஆறும் என்று சாரதா என்னை இங்கே அழைத்து வந்தாள். ஆறவில்லை. டைம் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு ரிட்டையரான பிறகு செடிகளோடு பொழுது போகிறது, அவ்வளவே.

கிளம்பும்போது, ஆளில்லாமல் கிடந்த துரை பங்களாவிலிருந்து நீல ஐரிஸ் கிழங்கைப் பெயர்த்துத் தங்கள் லைன் வீட்டு வாசலில் நட்டு வந்தேன் அல்லவா. அது மொட்டு விட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். நல்ல சமயம். இந்தக் கவருக்குள் எண்ணெய்த் தாளில் மடித்து, இங்கே பூத்த மஞ்சள் ஐரிசின் பூந்தூளை வைத்திருக்கிறேன். தங்கள் நீலப்பூ விரிந்த காலையில், நடுவில் நாக்குப்போல் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று மடல்களின் உதட்டிலும் இதைத் தடவ வேண்டும். அதற்கு முன்னால் அந்தப் பூவின் சொந்தத் தூளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். பூந்தூள் தபாலில் பயணம் போகும், காய் போகாது. ஆகையால் நீலமே தாய், மஞ்சள் தந்தை.

ஏன் மஞ்சள் என்று கேட்பீர்கள். இங்கே இதைவிட அழகான வெள்ளை ஒன்று இருக்கிறது. சேலை மடிப்புப்போல் ஓரமெல்லாம் சுருள். ஆனால் கிழங்கு அழுகும் சாதி. மஞ்சளுக்குப் பூ பெரிது, இதழ் கெட்டி, தண்டுதான் பலவீனம், ஒரு மழைக்குப் படுத்துவிடும். தங்கள் நீலத்துக்குப் பூ சிறியது, இதழ் மெல்லியது. ஆனால் தண்டு இரும்புக்கம்பி, தங்கம் பிரித்த கழிவைக் கொட்டும் சயனைடு மேட்டுப் புழுதியிலும் நிற்கிறது. தாய் தந்தையாகத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே குறை இருக்கக் கூடாது. ஒன்றின் குறையை மற்றது மூட வேண்டும். பூவை மட்டும் பார்த்து எடுப்பவன் ஏமாறுவான். வேரையும் தண்டையும் பார்க்க வேண்டும்.

விதை கிடைத்து, அதில் நல்ல பூவாக ஒன்று பிறந்தால் அதற்கு ரத்தினம் என்று பெயர் வைக்க எனக்கு ஆசை. நாற்றுகளுக்கு ஆர் 1, ஆர் 2 என்று வரிசையாக அடையாளம் இடுங்கள்.

இப்படிக்கு,
அப்பாதுரை


நந்திதுர்க் லைன்
15-3-63

உ

சம்பந்தி அப்பாதுரைக்கு பெருமாள் எழுதிக்கினது.

மேல பிள்ளையார் சுழி உழுந்துடுச்சி. கை பழக்கம். புத்தர் சங்கத்துல மெம்பரா கீற ஆளுக்கு பெருமாள்னு பேரு வச்சவன் எங்கப்பன், சுழி போடக் கத்துக் குடுத்தவன் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தி. ரெண்டு பேரையும் நான் போயி கேட்கட்டா.

உங்க லெட்டரால இங்க ஒரு கூத்து நடந்துது. எண்ணெய்த் தாளு கிழிஞ்சி தூளு வெளிய வந்து, கவரு நாலு மூலையும் மஞ்ச மஞ்சேன்னு ஆயிடுச்சி. தபால்காரன் அத்த பாத்துட்டு, கல்யாண லெட்டருன்னு நினைச்சிக்கினு, நடுத் தெருவுல நின்னுக்கினு, இன்னா பெருமாளு மேஸ்திரி, வீட்டுல விசேசமா, செல்விக்கு மறுபடியும் பாத்துட்டீங்களான்னு கேட்டான். குழாயாண்ட தண்ணி புடிச்சிக்கினு இருந்த அத்தினி பேரும் திரும்பிப் பாத்தாங்க. நான் சிரிச்சேன். எவனோ ஐரீசுன்னு ஒருத்திய குன்னூருல இருந்து பார்சல் பண்ணிக் கீறான், எனக்குத்தான் மாப்ள வேசம்னு சொன்னேன். அவங்களும் சிரிச்சாங்க.

செல்வி சிரிக்கல. குடத்த அப்படியே வச்சிட்டு உள்ள போயிட்டா.

அப்பத்தான் எனக்கு உறைச்சிது சம்பந்தி. பொண்ணுக்கு இருபத்தஞ்சி வயசு. சங்கத்து மேடையில மைக்கப் புடிச்சிக்கினு, புருசன் செத்தா பொண்ணு ஏன் சாகணும், மறுமணம் பண்ணி வைங்கோன்னு தொண்டை கிழியப் பேசுனது யாரு. நீங்க. நான் முன்னாடி குந்தி கை தட்டுனவன். கை தட்டுனதுக்கு இப்ப பதில் சொல்லணும்போல கீது.

பூ விஷயம். மிச்சம் இருந்த தூள ஒரு தீக்குச்சியில எடுத்து, நீங்க சொன்ன மாதிரியே தடவிட்டேன். மூணு உதட்டுக்கும் வெத்தல போட்ட மாதிரி கீது. பையன் தாத்தா பூவுக்கு பவுடர் போடுதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறான்.

பெருமாள்


குன்னூர்
18-7-1963

சம்பந்தி அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய விதைப் பொட்டலம் வந்தது. திறந்தவுடன் கோபம் வந்தது. மறைக்க விரும்பவில்லை.

பொட்டலத்தின் மேல் "குன்னூர் மஞ்சள் × நந்திதுர்க் நீலம்" என்று தங்கள் கையெழுத்து. கலப்பு எழுதும்போது முதலில் வருவது தாய், பிறகு வருவது தந்தை. உலகம் முழுதும் அதுதான் வழக்கம். அப்படியானால் இது என் மஞ்சள் செடி பெற்ற விதை. என் மஞ்சள் செடி என் ஜன்னலுக்குக் கீழே, ஒரு காய்கூட இல்லாமல் நிற்கிறது. நந்திதுர்க்கில் அது எப்படிக் காய்த்தது?

எனக்குப் புரிவது ஒன்றுதான். தாங்கள் தூளைத் தடவவே இல்லை. தேனீ எதையோ செய்தது, ஏதோ காய்த்தது, தாங்கள் மனம்போனபடி இரண்டு பெயரை எழுதி அனுப்பிவிட்டீர்கள். எல்லாவற்றையும் விளையாட்டாக எடுப்பது தங்கள் சுபாவம். இது விளையாட்டு அல்ல. இதில் நான் என் மகன் பெயரை வைக்கப் போகிறேன்.

செல்வியின் மறுமணம் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

அப்பாதுரை


நந்திதுர்க் லைன்
2-8-63

சம்பந்திக்கு,

தேனீ மேல பழி போடாதீங்க. அது ஏழை.

நான் தடவுனேன். சத்தியமா தடவுனேன். செல்விய கேளுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. உங்க பேரு எப்படி எழுதுவீங்க? முன்னாடி உங்கப்பன் எழுத்து, அப்பறம் உங்க பேரு. என்னுதும் அப்படித்தான். நம்ம பேரன் எப்படி? ரத்தினத்தோட ஆர் முன்னாடி, தம்மபாலன் பின்னாடி. அப்பன முன்னால நிக்க வச்சி, அப்பறம்தான மத்ததெல்லாம். அதான் நானும் அப்பன் செடிய முன்னாடி எழுதுனேன். மஞ்சள் அப்பன், நீலம் அம்மா. நான் எழுதுனது ரைட்டு. ஐரிசுக்கு மட்டும் அம்மா எழுத்து முன்னாடி வரும்னு எனக்கு யாரு சொன்னா? துரைங்க வீட்டுப் பூவா இருந்தா இன்னா, அதுக்கு ஒரு அப்பன் கிடையாதா.

பாதி விதைய இங்கியே தொட்டியில போட்டுட்டேன். முளைச்சதுக்கு தகர அடையாளம் வச்சாச்சி. வொர்க்ஷாப்புல மரியகுழந்தைன்னு ஒரு பிட்டரு. பேருல மரியம்மாவும் கீறா, குழந்தையும் கீது, ஆள பாத்தா ஆறடி. ரத்தினத்தோட பள்ளிக்கூடத்துல படிச்ச பையன்தான். அவன் கழிவுத் தகரத்துல எழுத்து அச்ச வச்சி சுத்தியால அடிச்சிக் குடுத்தான். கூலி வேணான்னுட்டான். ஆனா அந்த அச்சுப் பெட்டியில ஆர் அச்சுக்கு மட்டும் கால் உடைஞ்சி போயி கீது. ஆர் அடிச்சா பி உழுவுது. இப்ப என் வாசல்ல பி 1, பி 2, பி 3ன்னு நிக்குது. பி யாரு? பெருமாளு. எல்லா நாத்தும் என் புள்ளைங்க சம்பந்தி. நீங்க பேரு வைக்க ஒண்ணும் மிச்சம் இல்ல.

சும்மா சொன்னேன். கோவிச்சிக்காதீங்க.

பெருமாள்


குன்னூர்
9-9-1963

சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் விளக்கத்தைச் சாரதாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். பொய் சொன்னீர்கள் என்று எழுதியதற்கு மன்னிக்கவும். ஆனால் இனி கலப்பு எழுதும்போது தாய் முன்னால்.

அந்த இனிஷியல் பேச்சு மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. விளையாட்டாக எழுதினீர்கள். அது எங்கே போய் முட்டும் என்று தாங்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

செல்விக்குத் தாங்கள் மாப்பிள்ளை பார்ப்பது நியாயம். மேடையில் பேசிய வாய் மாற்றிப் பேசாது. அவள் மறுபடியும் பூ வைத்துக்கொள்ள வேண்டும், வாழ வேண்டும். அதில் எனக்கு இரண்டு மனம் கிடையாது. ஆனால் அவள் இன்னொருவரைக் கட்டிக்கொண்டால், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் அன்று பேரன் பெயருக்கு முன்னால் அந்த இன்னொருவர் எழுத்தைத்தான் போடுவார்கள். வளர்ப்பவர் எழுத்து. ஊரில் அப்படித்தான் நடக்கிறது. நான் குறை சொல்ல முடியாது.

ரத்தினத்தைச் சுரங்கத்திலிருந்து கேஜில் மேலே கொண்டுவந்தபோது முகத்தைத் திறந்து காட்டவில்லை. தாங்களும் என் பக்கத்தில் நின்றீர்கள். அவனுக்கு வீடு கிடையாது, நிலம் கிடையாது. ஒரு கல்யாணப் போட்டோ, ஒரு சைக்கிள். சைக்கிளையும் விற்றுவிட்டோம். மிச்சம் இருப்பது ஒரே ஒரு எழுத்து, அந்தப் பையன் பெயருக்கு முன்னால். அதுவும் போனால், என் மகன் இந்த உலகத்தில் இருந்தான் என்பதற்கு ஆதாரம் என்ன?

கட்டளை இடவில்லை. அந்த உரிமை எனக்கு இல்லை. கேட்கிறேன். முடிந்தால் அந்த எழுத்தைக் காப்பாற்றுங்கள்.

அப்பாதுரை


நந்திதுர்க் லைன்
20-11-64

சம்பந்திக்கு,

பதில் போட நாளாயிடுச்சி. உங்க லெட்டர மடிச்சி பொட்டியில வச்சிக்கினு அப்பப்ப எடுத்துப் பாத்துக்கினு இருந்தேன். சரி. வாக்கு குடுத்தேன். எழுத்து போவாது. எப்படின்னு கேக்காதீங்க. நான் அண்டர்கிரவுண்டுல மரம் முட்டு குடுத்தவன். மேல மல வந்து உக்காந்தாலும் நிக்க வைக்கத் தெரியும்.

இந்த ஒரு வருசத்துல மூணு எடம் வந்துது. பாலகாட்டு லைன்ல இருந்து ஒருத்தன் வந்தான், மூக்கால பேசறான். செல்விய கூப்பிட்டா பூனை கூப்பிடற மாதிரி கீது. வேணான்னுட்டேன். இன்னொருத்தன் நாஷ்டாவுக்கு இட்டிலிய எண்ணாம தின்னான், தள்ளிட்டேன்.

மூணாவது நம்ம மரியகுழந்தை. தகரம் அடிச்சிக் குடுக்கறேன்னு வருவான், போவான். நாத்துங்களுக்கு வெயிலு படக் கூடாதுன்னு கூரைத் தகரத்துல பந்தல் போட்டான். பையன தோள்ல தூக்கிக்கினு மார்க்கெட்டு போவான். ஒரு நாளு, செல்வி எதுக்கோ அவங்கிட்ட சிரிச்சா. மூணு வருசத்துக்கு மேல ஆவுது சம்பந்தி, அந்த சத்தத்தக் கேட்டு. அடுப்பாண்ட இருந்த நானே யாரோ பக்கத்து வீட்டுப் பொண்ணுன்னு நினைச்சேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அவனே வந்து, வேட்டி கட்டிக்கினு வந்து, என் எதுர்ல நின்னுக்கினு கேட்டான். உன் பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பொண்ணுக்குக் கெழட்டு வயசு வந்துடும்னு கிண்டல் பண்ணி அனுப்பிட்டேன். அவன் செருப்ப மாட்டிக்கினு போயிட்டான்.

நாத்து நல்லா கீது. பி 4 மட்டும் மத்ததவிட ஒரு சாண் உசரம்.

பெருமாள்


குன்னூர்
3-2-1965

சம்பந்தி அவர்களுக்கு,

வாக்குக் கொடுத்ததற்கு நன்றி. அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் கேலி செய்வீர்கள்.

மரியகுழந்தையை ஏன் மறுத்தீர்கள்? கிறிஸ்தவர் என்பதாலா? அது நம் கொள்கைக்குச் சரியில்லை. எழுதிய பிறகு, மறுத்ததே நல்லது என்றும் உள்ளுக்குள் ஒரு குரல் சொல்கிறது. அந்தக் குரலை நான் வெளியே சொல்ல விரும்பவில்லை. இங்கேயே விடுகிறேன்.

இங்கே நாற்றுகள் மழையில் அழுகிவிட்டன. ஒன்றே ஒன்று மிஞ்சியது. அங்கே பூத்தால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மனம் வராது, தெரியும். தன் கையால் தடவிப் பிறந்தது எல்லாம் அழகாகத்தான் தெரியும். தண்டு சாய்வதை எறியுங்கள், இதழ் தொங்குவதை எறியுங்கள். வேர் கெட்டதை முதலில் எறியுங்கள். ஒன்று மிஞ்சினால் போதும்.

அப்பாதுரை


நந்திதுர்க் லைன்
17-1-66

சம்பந்தி, சம்பந்தி, சம்பந்தி,

மூணு வாட்டி கூப்பிட்டாத்தான் காதுல உழும், அம்மாந் தூரம் கீறீங்க.

மாப்ள கெடச்சாச்சி. பேரு ராஜப்பா. இன்னொரு வாட்டி படிங்க. ரா. ஜப். பா. இங்கிலீசுல எழுதுனா மொத எழுத்து இன்னா? பள்ளிக்கூடத்துல இங்கிலீசு எழுத்துதான் போடறாங்க. ஜூன் மாசம் பையன சேக்கும்போது ஆர். தம்மபாலன். உங்க ஆர் உங்களுக்கு, அவன் ஆர் அவனுக்கு. எவன் வந்து கேக்கப் போறான்? மூக்கால பேசறவன் பேரு முனிரத்னம், எம்மு. இட்டிலிக்காரன் கோவிந்தன், ஜீ. இப்ப தெரியுதா நான் எதுக்குத் தள்ளுனேன்னு? நீங்க டைம் ஆபீசுல பேரேடு பாத்த ஆளு, உங்களுக்கே தெரியாம உங்கள ஏமாத்திட்டேன் பாருங்க.

ராஜப்பா நல்லவன். குடி கிடையாது. பொண்டாட்டி செத்து வருசம் ஆச்சி. அண்டர்கிரவுண்டுல டிரில் அடிக்கறான், எறங்கற குழியும் நம்ம சாப்ட்டுதான்.

செல்விதான் எங்கூட பேச மாட்டேங்கறா. கோவிச்சிக்கினு கீறா. ரெண்டு வாரமா ஐரிசுக்கு தண்ணி ஊத்தல, நான்தான் ஊத்தறேன். எல்லாம் சரியாப் போயிடும். பி 4ல மொட்டு தண்டு கிளம்பிக் கீது.

பெருமாள்


குன்னூர்
29-1-1966

சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வந்த அன்று நான் சிரித்தேன். சமையல் அறையில் போய்ச் சாரதாவிடம், உன் தம்பி எழுத்து பிழைத்தது என்று சொன்னேன். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஒரே கேள்வி கேட்டாள். "செல்வியை யாராச்சும் கேட்டீங்களா நைனா?"

அன்று முதல் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், கிழிக்கிறேன்.

ராஜப்பா நல்லவராகவே இருக்கட்டும். அவர் இறங்குவது ரத்தினம் இறங்கிய அதே சாப்ட். விபத்துச் சங்கு ஊதும்போதெல்லாம் செல்வி வாசலில் போய் நிற்க வேண்டும். முன்பு என் மகனுக்காக நின்றாள். மறுபடியும் நிற்கச் சொல்கிறோமா? இரண்டு பக்கமும் ஒரே குறை இருக்கக் கூடாது என்று ஒரு பூவுக்காகப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். வேரைப் பார், தண்டைப் பார் என்றேன். தாங்கள் செடியைப் பார்க்கவில்லை. தகரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அப்படிச் செய்ய வைத்தவன் நான்.

மரியகுழந்தையிடம் தாங்கள் கண்ட குறை என்ன? பெயரின் முதல் எழுத்தைத் தவிர வேறு ஏதாவது உண்டா? பந்தல் போட்டான், குழந்தையைத் தோளில் தூக்கினான், செல்வி சிரித்தாள். தாங்களே எழுதியவைதான். எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசியில் கிண்டல் செய்து அனுப்பியதையும் எழுதினீர்கள். ஏன் மறுத்தீர்கள் என்று நான் கேட்டேன். உள்ளூர எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

வாக்கைத் திருப்பிக் கொடுக்கிறேன். எழுத்து வேண்டாம்.

அப்பாதுரை


(தபால் கார்டு)
நந்திதுர்க்
5-2-66

வாக்கு திருப்பிக் குடுக்கற சாமான் இல்ல. ராஜப்பா வீட்டுல பேசி முடிச்சாச்சி. நான் இன்னா வாய்ல வர்றதெல்லாம் பேசறவன்தான், ஆனா குடுத்தத வாங்குனது கிடையாது. உங்க புள்ளைய கேஜில இருந்து எறக்கும்போது ஒரு பக்கம் நான்தான் புடிச்சேன். அதோட கனம் எனக்குத்தான் தெரியும். எழுத்து இருக்கும். இதப் பத்தி எழுதாதீங்க.

பெருமாள்


குன்னூர்
12-2-1966

சம்பந்தி அவர்களுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். இதே தபாலில் செல்விக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அதைப் பிரிக்காமல் அவளிடம் கொடுங்கள்.

தாங்கள் ஒரு பக்கம் பிடித்ததை நான் மறக்கவில்லை. மறு பக்கம் பிடித்தவன் நான். நம் இரண்டு பேர் கைகளிலும் அந்தப் பாரம் இன்னும் இருக்கிறது. இறக்கி வைக்க இடம் தெரியாமல் அதைத் தூக்கிச் செல்வியின் தலையில் வைக்கப் பார்த்தோம்.

வழி ஒன்று இருக்கிறது, தாங்கள் சிரித்த வழி. கலப்புக்குத் தாய் எழுத்தே முன்னால் வரும் என்று நான் சொன்னபோது, ஐரிசுக்கு மட்டும் ஏன் என்றீர்கள். நம் பேரனுக்கும் அப்படியே எழுதுங்கள். எஸ். தம்மபாலன். எஸ் செல்வி. அவளை ஒருவரும் மாற்ற முடியாது. யார் இறந்தாலும், யார் வந்தாலும், அது அப்படியே நிற்கும். செல்வியின் விருப்பம் மரியகுழந்தை என்றால், அவனுக்கு அதில் வருத்தம் இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தால், அவனும் நம்மைப்போல் தகரத்தைப் பார்ப்பவன். அப்போது வேண்டாம்.

ராஜப்பா வீட்டாரிடம் நானே வந்து பேசுகிறேன். கோபப்படட்டும். ஒரு கிழவனைத் திட்டி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

அப்பாதுரை


நந்திதுர்க் லைன்
21-6-66

உ

சம்பந்திக்கு பெருமாள் எழுதிக்கினது.

நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கி, ராஜப்பாவோட அண்ணன் உங்கள வாசல்ல நிக்க வச்சி கேட்ட கேள்விய நான் இன்னும் யாருகிட்டயும் சொல்லல. ஷர்ட்டு காலரப் புடிச்சான்னு மட்டும் மரியகுழந்தை சொல்லிக்கினு கீறான். அவன் நடுவுல பூந்து விலக்கி விட்டதையும் சேத்தே சொல்றான். ராஜப்பாவப் பத்தியும் சொல்லணும். அவனக் கடையாண்ட பாத்தேன். தலைய குனிஞ்சிக்கினு போனான். என் மேல தப்பு, அவன் மேல ஒண்ணும் இல்ல. எனக்கு அவன் மூஞ்சியப் பாக்க முடியல. அது அப்படியே கீது. சரி பண்ணத் தெரியல.

உங்க லெட்டருல செல்விக்கு இன்னா எழுதுனீங்கன்னு இன்னிக்கு வரைக்கும் அவ சொல்லல. படிச்சிட்டு மடிச்சி ரவிக்கையில வச்சிக்கினா. சாயங்காலம் குடத்த எடுத்துக்கினு போயி ஐரிசுக்கு தண்ணி ஊத்துனா. எங்கிட்ட மூணு வாரம் கழிச்சி பேசுனா. மொத வார்த்தை இன்னா தெரியுமா? "ஒனக்கு வாயி மட்டும் இல்லன்னா நல்ல மனுசன்பா நீ." அம்மாந்தான்.

பி 4 பூத்துது. நீங்க கிளம்புன ஒரு வாரம் கழிச்சி. கொடுத்து வைக்கல உங்களுக்கு. நீலமும் இல்ல, மஞ்சளும் இல்ல. மேல எழும்புற மூணு இதழு பழுப்பு, நம்ம மண்ணு கலரு. கீழ தொங்கற மூணும் ஊதா, நடுவுல மஞ்சக் கோடு. அழகுன்னு சொல்ல மாட்டேன். உங்க வெள்ளை மாதிரி சேலை மடிப்பெல்லாம் கெடையாது. ஆனா ஏப்ரல் மழை ஆலங்கட்டியோட வந்து பக்கத்து வீட்டு ஓடு உடைஞ்சிது, இந்தப் பூவோட தண்டு ஒடையல. மத்தத எல்லாம் புடுங்கிட்டேன். நீங்க சொன்ன மாதிரி மனசு வரல, ஆனா புடுங்கிட்டேன்.

பள்ளிக்கூடத்துல பெரிய டீச்சரம்மா கண்ணாடிய மூக்குல எறக்கிக்கினு, எஸ்னா அப்பா பேரு இன்னான்னு கேட்டாங்க. அம்மா பேருன்னு செல்வி சொன்னா. அப்படி எழுதற வழக்கம் இல்லியேன்னாங்க. நான் வாயத் தொறந்தேன், ஐரிசு வழக்கம்னு சொல்லிட்டேன். ஐரிஸ் யாருன்னு கேட்டாங்க. எங்க சம்பந்தியோட பழைய சிநேகிதி, குன்னூருல இருந்து வந்தவன்னு சொன்னேன். செல்வி என் கால மிதிச்சா. ஆனா சிரிச்சா. எழுதிட்டாங்க. எஸ். தம்மபாலன். பையன் அங்கியே ஸ்லேட்டுல எழுதிப் பாத்துக்கினு கீறான். எஸ்ஸ திருப்பிப் போடறான்.

இப்ப இன்னொன்னு. பூவுக்குப் பேரு நீங்க சொன்னதுதான். மரியகுழந்தை புது தகரம் கொண்டாந்தான். நான்தான் கேட்டேன், உனக்கு சங்கடம் இல்லியா, இது யாரு பேருன்னு தெரியுமில்லன்னு. "என்கூட ஒரே பெஞ்சியில குந்துனவன் பேரு, மாமா, எனக்குத் தெரியாதா"ன்னான். குந்திக்கினு, ஒவ்வொரு எழுத்தா, ரத்தினம்னு இங்கிலீசுல முழுப் பேரையும் அடிச்சான். ஒரு எழுத்துக்கு அழுதீங்களே, முழுசா வாசல்ல நிக்குது. ஆனா அச்சு பழைய அச்சுதான். மொத எழுத்து பி மாதிரியே உழுந்துது. சரி போவட்டும், கொஞ்சம் எனக்கும் சேரட்டும்னு நான் சொன்னேன். அவன் கேக்கல. சின்ன உளி எடுத்துக்கினு வந்து, அந்த ஆருக்கு ஒரு கால தனியா வெட்டுனான். கோணலா கீது. பரவால்ல, நிக்குது.

வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு செல்விக்கும் அவனுக்கும் சங்கத்துல கல்யாணம் வச்சிக் கீது. அவன் மாதா கோயிலுக்கும் போவான், அவ சங்கத்துக்கும் வருவா. நீங்க வந்து முன்னாடி குந்தணும். இந்த வாட்டி மைக்குல பேசக் கூடாது.

இந்தக் கவரு மூலைய மோந்து பாருங்க. பூந்தூள் இல்ல. மஞ்சளு. செல்விதான் தடவுனா.

பெருமாள்